அல்சூர்ச் சந்தில் ஓர் அச்சகம்

பெங்களூரு அல்சூரில் சோமேசுவரர் கோயிலைக் கடந்து கடைத்தெருப் பக்கம் திரும்பினால், பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே சந்து ஒன்று பிரிகிறது. அதன் நடுப்பகுதியில் இரண்டு கதவு அகலமே உள்ள அச்சகம் ஒன்று இருக்கிறது. கண்ணில் படுவதற்கு முன்பே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. உரிமையாளர் நம்மை அன்புடன் வரவேற்றார். ஆயினும் தம் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிறர் பெயரை அச்சிட்டே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவருக்கு அந்த உரிமை உண்டென்று நாமும் இசைந்தோம்.

நாம் சென்ற நாளில் அவருடைய மேசையில் நான்கு வேலைகள் இருந்தன: தமிழில் ஒரு காதணி விழா அழைப்பிதழ், கன்னடத்தில் ஒரு புதுமனை புகுவிழா அட்டை, உருதுவும் ஆங்கிலமும் கலந்த ஒரு திருமண அட்டை, அருகிலுள்ள தேவாலயம் ஒன்றின் திருவிழாத் துண்டறிக்கை. பிரிட்டிஷார் இங்கே படைவீடு அமைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பெங்களூரு தண்டுப் பகுதியில் தமிழர் நிலைத்து வாழ்கின்றனர். இன்று இத்தெருக்களில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மொழியும் மேல்தளத்தில் வேறொரு மொழியும் ஒலிப்பது வியப்பன்று. அச்சகமும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறது.

அவருடைய தந்தையார் காலத்தில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரம் ஒன்று மட்டுமே இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். தமிழுக்கு ஒரு பெட்டி வரிசை, ஆங்கிலத்துக்கு மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி. கன்னடத்தில் ஒற்றெழுத்துகள் அடியில் தொங்குவதால் அறைகள் இன்னும் மிகுதி. தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ‘ணை, லை, ளை, னை’ முதலிய வடிவங்களைச் சீர்ப்படுத்தியபோது, கம்பாசிட்டர்களுக்குச் சில அறைகள் குறைந்தன. எனினும் பழைய யானைக்கொம்பு ‘லை’ இல்லாத அட்டையை வாங்க மறுத்த பாட்டிமார்கள் இருந்தார்களாம். அவர்களுக்காகவே தந்தையார் அந்த எழுத்துகளை உருக்காமல் வைத்திருந்தார். அவை இன்றும் ஓர் இழுப்பறையில் கிடக்கின்றன. உருதுவுக்கோ எழுத்துப் பெட்டியே கிடையாது. சரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் அந்த நஸ்தலீக் எழுத்தை ‘காத்திப்’ எனப்படும் எழுத்தர் கையால் எழுதித் தருவார். அதைப் பிளாக் செய்து அடிக்க வேண்டும். கணினி வந்த பின்னரே உருதுவும் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை மொழிகளிலும் பிழை திருத்துபவர் யார் என்று கேட்டோம். தமிழை எதிர்வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பார்க்கிறார். உருதுவைப் பக்கத்துத் தையற்கடைப் பெரியவர் பார்க்கிறார். கன்னடத்தை, கடையில் பணிபுரியும் இளைஞரே கவனித்துக்கொள்கிறார். ஆசிரியைக்கு ஊதியம் என்று எதுவும் இல்லை. மாதந்தோறும் அவர் நடத்தும் திருக்குறள் வகுப்புக்கான தாள்கள் மட்டும் கட்டணமின்றி அச்சாகின்றன.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வலி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் அறுநூறு திருமண அட்டைகளில் தேதி சரியாகவும் கிழமை தவறாகவும் அச்சாகிவிட்டன. ஞாயிறு என்று இருக்க வேண்டிய இடத்தில் திங்கள். அட்டைகளில் பாதி ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பெண்வீட்டார் கவனித்தனர். அறுநூறையும் தம் செலவில் மறுபடி அச்சிட்டதோடு, பெண்ணின் தந்தையுடன் ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சென்று பழைய அட்டையை வாங்கிப் புதியதைத் தாமே கொடுத்ததாக உரிமையாளர் சொன்னார். தாள் செலவைவிட ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கம் சொன்னதே தமக்கு அரிதாக இருந்ததாம். அன்று முதல், மொழி அறிந்த ஒருவரும் வாடிக்கையாளரும் கையொப்பமிடாத புரூஃப் இயந்திரத்தில் ஏறுவதில்லை. கிழமையைக் காலண்டரில் விரல் வைத்துப் பார்க்கும்படி வாடிக்கையாளரையே அவர் கேட்டுக்கொள்கிறார்.

நூறு அட்டை கேட்டால் விலை கூடுதலாகவும் ஆயிரம் கேட்டால் ஒன்றின் விலை வெகுவாகக் குறைவாகவும் இருப்பது ஏன் என்று நம்மில் பலர் அச்சகங்களில் வாதாடியிருப்போம். ஆஃப்செட் முறையில் அச்சிட வேண்டிய வடிவம் முதலில் அலுமினியத் தகட்டில் பதிகிறது. தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும், அதிலிருந்து தாளுக்கும் மை மாறுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள மையும் நீரும் ஒட்டாமையே இம்முறையின் அடிப்படை. பல வண்ணம் என்றால் நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் வேண்டும். தகடு எடுக்கவும், வண்ணங்களைப் பொருத்தவும், சரியாகும் வரை வீணாகும் தாளுக்கும் ஆகும் செலவு, நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றே. ஐம்பது அட்டை போதும் என்பவருக்கு டிஜிட்டல் முறையே சிக்கனம். வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது தம் வழக்கம் என்றார். வியாபாரம் சிறுத்தாலும் அவர் திரும்பி வருவாராம்.

கடையின் சோதனைக்காலம் 2020. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், உறவினர் பலர் பிளெக்ஸ் இயந்திரம் வாங்கும்படி வற்புறுத்தியும் அவர் தயங்கினார். 2018 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்ட, மாநகராட்சி நகரெங்கும் பிளெக்ஸ் பலகைகளை அகற்றியது. அவ்வியந்திரத்தைக் கடனில் வாங்கிய நண்பர்கள் திகைத்து நின்றதைக் கண்டு, தாளே பாதுகாப்பு என்று முடிவு செய்தார். 2020 தொடக்கத்தில், 5 இலட்சம் ரூபாய் வரையிலான முத்ரா ‘கிஷோர்’ பிரிவில் கடன் பெற்று, பழைய ஆஃப்செட் இயந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்தினார். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பிச் செய்த கணக்கு அது. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. பின்னர் தளர்வு வந்தபோதும் திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாதென்றார்கள். ஐம்பது விருந்தினருக்கு யார் ஆஃப்செட்டில் அட்டை அடிப்பார்கள்?

ரிசர்வ் வங்கி அறிவித்த தவணைத் தள்ளிவைப்பு 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதங்களுக்கு இருந்தது. அதைக் கடன் தள்ளுபடி என்று எண்ணியவர்களும் உண்டு. தவணை தள்ளிப்போனதேயன்றி வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்த தொகையை 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அரசு பின்னர் ஈடுசெய்தது, அவ்வளவே. இதை வங்கிக் கிளையில் கேட்டுத் தெளிந்துகொண்ட உரிமையாளர், முடிந்த மாதங்களில் முடிந்ததைக் கட்டினார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கேட்கச் சென்றதிலேயே நமக்கு மிகவும் பிடித்த பகுதி. மருந்துக்கடைகள் தரையில் ஒட்டும் வட்டங்களைக் கேட்டன. காய்கறி வண்டிக்காரர்கள் தொலைபேசி எண்ணிட்ட சிறு சீட்டுகளைக் கேட்டார்கள். இவை சொற்ப வரவு. ஆனால் கடையின் பற்றுப் புத்தகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சில்லறைப் பாக்கிகளை, கேட்காமலேயே ஒவ்வொருவராக வந்து தீர்த்தார்கள். மறந்தே போன ஒரு ரசீதுப் புத்தகத்துக்கான 340 ரூபாயை ஒருவர் கதவிடுக்கில் உறையிட்டுச் செருகிவிட்டுப் போயிருந்தார். தேவாலயத்தின் பொருளாளர் மறு ஆண்டுத் திருவிழாவின் துண்டறிக்கைகளுக்கு முன்பணம் தந்தார். திருவிழா நடக்குமா என்று அவருக்கும் அப்போது தெரியாது. இயந்திரம் விற்பனைக்குப் போகவில்லை.

கடையின் அன்றாட வருவாயில் திருமண அட்டையைவிட பில் புத்தகத்துக்கே பங்கு அதிகம். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, பழைய பில் புத்தகங்கள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. இரவு பகலாக அச்சிட்டதோடு, விதிகளைத் தாமே படித்துச் சிறு கடைக்காரர்களுக்கு அவர் எடுத்துச் சொன்னார். பொருள் விற்பவருக்கு மூன்று படிகள்: வாங்குபவருக்கு ஒன்று, சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. சேவை தருபவருக்கு இரண்டு போதும். தொகுப்பு முறை வரியைத் தேர்ந்தவர் வரி வசூலிக்க இயலாது. அவர் தர வேண்டியது வரிப் பட்டியல் அன்று, வழங்கல் பட்டியல். அவர் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்ற வாசகமும் அதன் தலையில் இருக்க வேண்டும். ‘அடுத்த கடைக்காரரின் பில் மாதிரியே அடித்துக் கொடுங்கள்’ என்று கேட்டு வருபவரை, முதலில் தணிக்கையாளரிடம் கேட்டுவரச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

மறுத்து அனுப்பும் வேலைகள் வேறும் உண்டு. ரூபாய்த் தாளைப் போன்ற விளம்பரச் சீட்டு வேண்டும் என்று ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார். விளையாட்டாகவே கேட்டாலும், ரூபாய்த் தாளை ஒத்த ஆவணத்தை அச்சிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 489-இ, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 182-ஆம் பிரிவு. தேர்தல் காலம் வந்தால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு சுவரில் ஏறிவிடுகிறது. அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயரும் முகவரியும் இல்லாத துண்டறிக்கை கூடாது. வெளியிடுபவர், தம்மை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பத்துடன் உறுதிமொழியை இரட்டைப் படியாகத் தர வேண்டும். அச்சான பிறகு ஒரு பிரதியுடன் அது தலைநகரில் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், பிற ஊர்களில் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தேர்தல் வேலைக்கு முழுத் தொகையும் முன்பணம் என்பது மட்டும் கடையின் சொந்தச் சட்டம். தோற்றவரிடம் பாக்கி வசூலித்த அனுபவம் அவருக்கு உண்டு.

அண்மைக்காலத்தில் யுபிஐ க்யூஆர் அட்டைகளை லேமினேட் செய்யக் கொண்டுவருவோர் பெருகிவிட்டனர். இங்கே அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, கணக்கு வைத்திருப்பவரே வர வேண்டும். அச்சிடும் முன் தம் கைப்பேசியால் அந்தக் குறியை நோக்கி, திரையில் தோன்றும் பெயரை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார். பூக்கார அம்மாள் ஒருவர் கொண்டுவந்த குறியில் வேறொருவர் பெயர் தோன்றியது. உதவி செய்வதாகச் சொல்லி யாரோ தம் கணக்கின் குறியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அன்று அச்சிட்டுக் கொடுத்திருந்தால், மாலை விற்ற மல்லிகையெல்லாம் யார் கணக்கிலோ சேர்ந்திருக்கும். அவரைக் கையோடு வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்று, உரிய குறியைப் பெற்றுத் தந்தவர் கடையின் இளைஞர்.

ஆதார், பான் அட்டைகளை நகலெடுக்க வருவோரின் கோப்புகள் கணினியில் தங்கிவிடுவது எல்லா நகலகங்களிலும் உள்ள அபாயம். இங்கே இரவில் கடை அடைக்கும் முன் அன்றைய கோப்புகள் அழிக்கப்படுகின்றன. குப்பைத் தொட்டியில் விழுந்த வீண்நகல்களும் கிழிபடுகின்றன. முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் படி போதும் என்ற இடங்களில் அதையே எடுத்துவரும்படி சொல்வதும் அவர் வழக்கம். வாடிக்கையாளர்களாகிய நாமும் நகலெடுத்த இடத்தில் நின்று, நம் கோப்பை அழிக்கும்படி கேட்பதில் தவறேதும் இல்லை.

நாம் விடைபெற எழுந்தபோது மணி எட்டரை. கதவு பாதி இறங்கிவிட்டது. அந்நேரத்தில் இரு இளைஞர்கள் கைப்பேசியில் ஒரு முதியவரின் படத்தோடு வந்து நின்றார்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வேண்டும், காலையில் எடுக்கிறார்கள். உரிமையாளர் ஒன்றும் பேசாமல் கதவை மறுபடி மேலே தள்ளினார். இறப்புச் செய்திக்கு இந்தக் கடையில் தாள் விலை மட்டுமே, அதுவும் காரியம் முடிந்த பிறகு கொடுத்தால் போதும். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்றார்கள். எதிர்வீட்டு ஆசிரியையை அழைத்துவர இளைஞர் சந்தைக் கடந்து போனார். பெயரின் எழுத்துக் கூட்டலை உரிமையாளர் இறந்தவரின் மகனிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, காலண்டரைப் பார்த்து நாளைய கிழமையில் விரலை வைத்தார்.