ஆலை போயிற்று, நிலம் யாருக்கு?

மத்திய மும்பையின் லோயர் பரேலில் கண்ணாடி முகப்பு அலுவலகங்களும் சொகுசு அடுக்குமாடிகளும் நிற்கும் இடம், ஒரு காலத்தில் 'கிரண்காவ்'. மராத்தியில் மில் கிராமம் என்று பொருள். கொங்கணத்திலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் 'சால்' குடியிருப்புகளின் ஒற்றை அறைகளில் ஷிப்டு முறையில் உறங்கி, நகரத்தின் செல்வத்தை நெய்தார்கள்.

அங்கேயும் சமத்துவம் இருக்கவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும் என்பதால், 'தீட்டு' என்று சொல்லித் தலித்துகளை நெசவுப் பிரிவில் சேர்க்கவில்லை. கூலி அதிகம் கிடைத்தது அந்தப் பிரிவில்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்த அநீதியை எழுப்பினார்.

1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியது நிலம்: ஏறத்தாழ 600 ஏக்கர்.

1991இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 அதைப் பங்கிட ஒரு வழி சொன்னது. ஆலையை இடித்துவிட்டு நிலத்தைப் புதிதாகப் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001இல் மாநில அரசு செய்த திருத்தம் கணக்கையே மாற்றியது. பங்கிட வேண்டியது காலி நிலத்தை மட்டும்தான் என்று ஆயிற்று. ஆலைக் கட்டடங்களை இடித்த பிறகு வெறுமையாகும் நிலம் இதில் சேராது. மனையின் பெரும்பகுதியைக் கட்டடங்களே அடைத்திருந்ததால், பொதுப் பங்கு சுருங்கிப்போயிற்று.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடர்ந்தது. 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் பொதுப் பங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது.

விளைவு 2012 ஜூனில் தெரிந்தது. மில் தொழிலாளர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்குமான முதல் குலுக்கலில் இருந்த வீடுகள் 6,925. விண்ணப்பித்தவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். வேலை இழந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், பலருக்கு வாரிசுகளே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. குலுக்கலில் பெயர் வந்தாலும் வீடு இலவசமல்ல. விலை ஏழரை லட்சம் ரூபாய்.