முரசோரம் தேயும் பல்: அழுத்தித் தீட்டினால் தீராது

அப்பா குளிர்ந்த தண்ணீர் குடிப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகியும் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கோடைகாலத்திலும் சுடுதண்ணீர்தான் கேட்பார். வயது போய்விட்டது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். ஒருநாள் பேரப்பிள்ளை ஊட்டிய ஐஸ்கிறீமை வாயில் வைத்தவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், மேல்வரிசையில் இடப்பக்கம், பல்லும் முரசும் சந்திக்கும் இடத்தில், நகம் மாட்டக்கூடிய அளவுக்கு ஒரு வெட்டு.

“சூத்தை விழுந்திட்டுது போல. அதுதான் இப்ப நல்லா அழுத்தித் தீட்டுறன்” என்றார்.

அது சூத்தை இல்லை. மருந்தென்று நினைத்து அவர் செய்துவந்ததே அந்த வெட்டை ஆழமாக்கிக்கொண்டிருந்தது. இதே கதை எங்கள் பல வீடுகளில் நடக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் அந்த இடத்தில்?

பல்லின் வெளியே தெரியும் பகுதியை எனாமல் என்ற மிகக் கடினமான ஓடு மூடியிருக்கிறது. கடிக்கும் மேற்பரப்பில் தடிப்பாக இருக்கும் இந்த ஓடு, பல்லின் கழுத்துக்கு வர வர மெலிந்து, முரசோரத்தில் ஒரு மெல்லிய விளிம்பாக முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது வேர். வேரின் மேல் எனாமல் இல்லை. சிமென்டம் என்ற மிக மெல்லிய படலமும், அதன் உள்ளே டென்டின் என்ற மென்மையான பகுதியுமே உண்டு.

முரசு இறங்காதவரை வேர் மறைந்திருக்கும். முரசு நோயாலோ, பல வருடங்கள் அழுத்தித் தீட்டியதாலோ முரசு கீழிறங்கினால் வேர் வெளியே வந்துவிடும். டென்டினுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. குளிரோ, காற்றோ, இனிப்போ படும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைகிறது. அந்த அசைவு நரம்பைத் தொடும்போது சுரீரென்று கூசுகிறது.

மூன்று காரணங்கள்

முதலாவது உராய்வு. பல் வைத்தியர்கள் இதை அப்ரேஷன் என்பார்கள். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் மில்லர், பிடுங்கிய பற்களைத் தூரிகையாலும் பற்பொடியாலும் தேய்த்துப் பார்த்து, இப்படி வெட்டு விழுவதை 1907 இலேயே எழுதிவைத்தார். தூரிகை மட்டும் பல்லை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. அதோடு சேரும் பற்பசையில் அல்லது பொடியில் இருக்கும் நுண்துகள்களே அரத்தைப் போல வேலை செய்கின்றன. பற்பசையின் இந்த உராய்வுத் தன்மையை ஆர்.டி.ஏ. என்ற எண்ணால் அளக்கிறார்கள். சர்வதேச நியமம் அனுமதிக்கும் உச்ச அளவு 250. வெண்மையாக்கும் என்று விற்கும் பசைகள் பலவற்றில் இந்த எண் கூடுதலாக இருக்கும். உமிக்கரி, கரித்தூள், உப்பு ஆகியவையும் அரம்தான். ஊரில் பாட்டி உமிக்கரியால் தீட்டினார் என்பது உண்மை. பாட்டியின் பற்கள் எவ்வளவு தேய்ந்திருந்தன என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடப்பக்கப் பற்களில் இந்தத் தேய்வு பெரும்பாலும் கூடுதலாகத் தெரியும். அந்தப் பக்கத்தில் கையின் பலம் நன்றாக விழும். வேட்டைப் பல்லும் அதற்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்களும் வளைவில் துருத்தி நிற்பதால் முதல் அடி அவற்றுக்குத்தான்.

இரண்டாவது அமிலம். இதை எரோஷன் என்பார்கள். வாயின் அமிலத்தன்மை பி.எச். 5.5 அளவுக்கு இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. வேர்ப்பகுதியோ அதற்கும் முன்பாகவே, 6.2 முதல் 6.7 வரையான அளவிலேயே, கரையத் தொடங்கிவிடும். தேசிக்காய்ச் சாறு, கோலா, சக்தி பானங்கள், பழச்சாறு எல்லாமே இதைவிட அமிலமானவை. இரவு வேலையில் விழித்திருக்கச் சக்தி பானத்தை மணிக்கணக்காக உறிஞ்சுபவர்களும், உடம்பு மெலியவென்று விடியவே தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு வயிற்று அமிலமே வாய்வரை வருகிறது. நீரிழிவினாலும், இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் சில மருந்துகளாலும் வாய் வறண்டால், அமிலத்தைக் கழுவிவிட உமிழ்நீர் போதாது.

மூன்றாவது கடி அழுத்தம். நித்திரையில் பல்லை நெருமுபவர்களுக்குப் பல் கழுத்தில் வளைந்து வளைந்து எனாமல் விளிம்பு உடைகிறது என்பது ஒரு கருத்து. 1991 இல் இதற்கு அப்ஃபிராக்‌ஷன் என்று பெயர் வைத்தார்கள். இது மட்டுமே தனியாக வெட்டை உண்டாக்குமா என்பதில் பல் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பெரும்பாலானவர்களின் வாயில் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வேலை செய்கின்றன. அமிலம் இளக்கிவிட, தூரிகை வழித்தெடுக்கிறது.

சூத்தையா, தேய்வா?

தேய்வு பொதுவாக வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் கடினமாகவும் இருக்கும். கோடரியால் கொத்தியதுபோல் கூரான வெட்டாகவோ, ஆழமற்ற கிண்ணம் போலவோ தெரியும். சூத்தை கபிலம் அல்லது கறுப்பு நிறத்தில், தொட்டால் மென்மையாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டும் இருக்கலாம். வெற்றிலையும் தேநீரும் தேய்வின் மேல் கறை பிடிக்கச் செய்யலாம். ஆகவே கண்ணாடியில் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

தேய்ந்த பல் திரும்ப வளராது. இறங்கிய முரசும் தானாக ஏறாது. ஆனால் தேய்வை நிறுத்த முடியும்.

- மென்மையான நாருள்ள, சிறிய தலையுள்ள தூரிகையை வாங்குங்கள். நார்கள் வெளிப்பக்கம் விரிந்துவிட்டால் மாற்றுங்கள். சீக்கிரமே விரிகிறதென்றால் கூடுதலாக அழுத்துகிறீர்கள்.
- தூரிகையை முஷ்டியால் பிடிக்காமல் பேனை பிடிப்பதுபோல் விரல்களால் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும்.
- முரசோரத்தை நோக்கி 45 பாகை சரித்து, சிறு சிறு அசைவாகத் தீட்டுங்கள். குறுக்கே வாள் இழுப்பதுபோல் இழுக்க வேண்டாம்.
- ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். முடிந்ததும் துப்புங்கள், ஆனால் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். புளோரைட் பல்லிலேயே நிற்கட்டும்.
- பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பி.பி.எம். வரை புளோரைட் உள்ள பசை நல்லது. கூச்சத்துக்கென விற்கும் பசைகளில் பொட்டாசியம் நைத்திரேற்று, ஸ்டானஸ் புளோரைட், ஆர்ஜினின் ஆகியவற்றில் ஏதாவது இருக்கும். ஓரிரு நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் சில வாரங்கள் தொடர்ந்து பாவியுங்கள்.
- புளிப்பானதைச் சாப்பிட்டாலோ, சத்தியெடுத்தாலோ உடனே தீட்ட வேண்டாம். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரைமணி நேரமாவது பொறுங்கள்.

வைத்தியர் என்ன செய்வார்?

ஆழமில்லாத, கூசாத தேய்வென்றால் ஒன்றும் செய்யாமல் படமெடுத்து வைத்து, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் சரியான சிகிச்சைதான். “பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை” என்று குறைப்பட வேண்டாம். கூச்சம் இருந்தால் புளோரைட் பூச்சு பூசுவார்.

வெட்டு ஆழமாகி நரம்பை நெருங்கினாலோ, கூச்சம் அடங்காவிட்டாலோ, சூத்தை சேர்ந்துவிட்டாலோ, அழுக்கு தங்கினாலோ அடைக்க வேண்டும். பல்லின் நிறத்திலேயே கொம்போசிட் அல்லது கிளாஸ் அயனோமர் வகை அடைப்பு வைப்பார்கள். துளைத்து நிரப்பும் சாதாரண அடைப்பைப் போல அல்லாமல், இது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு நிற்பது. அந்த இடமோ ஈரமானது, டென்டின் தேய்ந்து மினுங்குவது. அதனால் சில வருடங்களில் இது கழன்று விழுவது புதினமல்ல. தீட்டும் முறையை மாற்றாமல் அடைத்தால், அடைப்பின் ஓரத்திலேயே அடுத்த வெட்டு தொடங்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது “எல்லாப் பல்லையும் ஒரேயடியாய் அடைச்சுக்கொண்டு வாறது” நீடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முரசு மிகவும் இறங்கியிருந்தால் அண்ணத்திலிருந்து தசை எடுத்து ஒட்டும் சத்திரசிகிச்சை உண்டு. நித்திரையில் நெருமுபவர்களுக்கு இரவில் அணியும் காப்பு செய்து கொடுப்பார்கள். நரம்பே வெளிப்பட்டுவிட்டால் வேர்ச் சிகிச்சை, அதுவும் முடியாவிட்டால் பிடுங்குவது. பொறுத்துப் பொறுத்துப் பிந்திப் போனால் கடைசியில் நிற்கும் இடம் இதுதான்.

செலவும் மொழியும்

எங்கள் பெரியவர்கள் பிந்துவதற்கு இரண்டு காரணம்: காசும் மொழியும்.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேசிய சுகாதார சேவைக் கட்டணப்படி, பரிசோதனைக்கும் புளோரைட் பூச்சுக்கும் 27.40 பவுண்ட், அடைப்பு உட்பட்ட சிகிச்சைக்கு 75.30 பவுண்ட் என்று இருந்தது. சில அரச உதவிப் பணங்கள் பெறுவோருக்கு அதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கனடாவில் குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாகவும், பல் காப்புறுதி இல்லாமலும் இருந்து, வருமானவரி அறிக்கை கொடுத்தவர்கள் கனேடிய பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் எல்லா வயதினருக்கும் அது திறந்திருக்கிறது. சுவிஸில் கட்டாய மருத்துவக் காப்புறுதி வழமையான பல் வைத்தியத்தை ஏற்பதில்லை. சிகிச்சை தொடங்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள்.

மொழிதான் அதைவிடப் பெரியது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், “கூசுது” என்பதும் “நோகுது” என்பதும் ஒரே சொல்லாகிவிடும். வைத்தியருக்கு அவை இரண்டும் வேறு. ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பல், எப்போதிருந்து, குளிருக்கா சூட்டுக்கா, பட்டதும் விட்டுவிடுகிறதா அல்லது நின்று வலிக்கிறதா, நெஞ்செரிவு உண்டா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், எதனால் எப்படித் தீட்டுகிறீர்கள். நின்று வலித்தாலோ, இரவில் எழுப்பினாலோ, வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

அப்பாவின் இரண்டு பற்களை அடைத்தார்கள். மூன்றாவதைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். தூரிகையைப் பேனை போலப் பிடிக்க அவருக்கு ஒரு மாதம் எடுத்தது. “இது தீட்டின மாதிரியே இல்லை” என்று இன்னமும் சொல்கிறார். ஆனால் இந்தக் கோடையில் குளிர்சாதனப்பெட்டியைத் தானே திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது குளிர்ந்த தண்ணீரை ஒதுக்குகிறார்களா என்று இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பாருங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.