அரசர் அணிகலனும் நினைவுப் பொற்காசும்

காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் அமைந்த வாலாஜாபாத்துக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, 1777-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசி ஷார்லெட்டுக்குக் காணிக்கையாக அளித்த வைரங்கள், அவ்வம்மையாரின் காலத்துக்குப் பின் கைமாறி, 1837-இல் லண்டன் ஏலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவைச் சேர்ந்து, 1930-இல் அக்குடும்பத்தாரின் சிரோபூஷணத்தில் இழைக்கப்பெற்று, 1959-இல் மீண்டும் ஏலம் போயின. ஆர்க்காட்டின் பெயரை மட்டும் அவை இன்றளவும் இழக்கவில்லை.

இத்தகைய ராஜ ஆபரணங்களின் சாயலை உலோகத்தில் பொறித்து நினைவு நாணயமாக வெளியிடுவதை அயல்நாட்டு நாணயசாலைகள் விருப்பத்தோடு செய்து வருகின்றன. 1939-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தம் பட்டத்தரசிக்கு அளித்ததும், பின்னர் இரண்டாம் எலிசபெத் அணிந்ததுமான மேப்பிள் இலை வைர அணியைக் கனடா நாணயசாலை அவ்வாறு வெளியிட்டது. நம் நாட்டிலோ, 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி நாணயம் அடிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது; முகமதிப்பும் 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை முன்னிட்டு வெளியான 1,000 ரூபாய் நாணயமும் பொன்னன்று. 80 சதவிகிதம் வெள்ளியும் 20 சதவிகிதம் செம்பும் கலந்த 35 கிராம் வில்லை. ஆகவே நகைக்கடையில் பழைய மகுடமோ ஆரமோ பொறித்துத் தரும் பொற்காசு, எத்துணை எழிலுடையதாயினும், சட்டத்தின் கண்ணில் நாணயமாகாது. அதன் மதிப்பு அதிலுள்ள பொன்னின் மதிப்பே.

அந்தப் பொன்னை அளந்து அறிவதில் நம் முன்னோர் காட்டிய நேர்மை என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு ஈந்த ஆபரணங்களைக் கல்வெட்டில் பொறித்தபோது, பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், முத்து முதலியவற்றைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுக்கமாகக் கணக்கிட்டதோடு, முத்துக்களின் எடையிலிருந்து சரடும் சட்டமும் செப்பாணிகளும் நீக்கப்பட்ட செய்தியையும் மறவாமல் எழுதி வைத்தார்கள். பேரரசன் தெய்வத்துக்கு அளித்த கொடையிலும் ஆணியின் எடை பொன்னோடும் முத்தோடும் சேரக்கூடாது என்று கருதிய அந்தக் கணக்கர்கள் என்றும் நம் வணக்கத்துக்கு உரியவர்கள்.

சரடையும் ஆணியையும் நீக்கிய அதே விவேகம், பட்டுச்சேலை விற்ற பணத்தில் பெண்ணுக்கென்று ஒரு காசு வாங்க முனையும் நெசவுக் குடும்பத்துக்கும் வேண்டும். கல்லும் எனாமலும் நீங்கிய பொன்னின் எடை எவ்வளவு, மாற்று 916-ஆ 999-ஆ, செய்கூலியும் சேதாரமும் எத்தனை என்பவற்றைத் தனித்தனியே கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும். திரும்ப விற்கும் நாளில் சித்திரத்துக்கென்று கொடுத்த கூலி பெரும்பாலும் மீளாது.