மடங்கிய கை

செண்பகத்தோப்பிற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் அவர்களுக்கு முதலில் காட்டியது ஓடையையன்று. புளியமரக் கிளையில் அமர்ந்திருக்கும் சாம்பல்நிற அணிலையே. முன்னங்கால்கள் இரண்டாலும் காயைப் பற்றி, சுழற்றிச் சுழற்றி அது கொறிக்கும். மனிதனோ கட்டை விரலை ஏனைய விரல்களுக்கு எதிரே கொணர்ந்து, ஒரே கையால் ஊசியையும் பிடிப்பான், எழுதுகோலையும் பிடிப்பான்.

எழுதுகோல் என்றதும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறேன். 1980களின் இறுதியில், முத்துப் போன்ற கையெழுத்துடைய மாணவன் ஒருவன் சில திங்களுக்குள் கோழி கிளறியதுபோல் எழுதலானான். சோம்பல் எனக் கருதி அவன் விரல்களின்மேல் பிரம்பால் அடித்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அழவுமில்லை. அதைத் திமிர் என்று எண்ணினேன். சுண்டுவிரற் பக்கம் அவனுக்கு உணர்ச்சியே இல்லை என்பது பின்னர் மருத்துவர் சொல்லியே தெரிந்தது. தொழுநோய் தொடங்கியிருந்தது.

இந்நோயின் நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873-ல் கண்டறிந்தார். அது தோலையும் நரம்பையும் தாக்குவது. முழங்கையின் பின்புறமாகச் செல்லும் நரம்பு பழுதுபட்டால், உணர்ச்சி மறைவதோடு உள்ளங்கையின் சிறு தசைகளும் செயலிழக்கும். முன்கையின் பெருந்தசைகளோ வலிமை குன்றாதிருக்கும். இழுப்பின் சமநிலை கெட்டு, விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிவிடும்.

இதை உணர்ந்து பயன்கொண்டவர் பால் பிராண்டு. 1914-ல் நம் கொல்லிமலையிற் பிறந்த இவ்வாங்கிலேயர், 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிய நோயாளி ஒருவர் அவர் கையைப் பற்றியபோது, பிடியின் வலிமையால் அவருக்கே வலித்துவிட்டது. அப்படியானால் நல்ல தசைகள் உள்ளே இருக்கின்றன! அவற்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை முறையை அவர் வேலூரில் வளர்த்தார்.

கத்தியின் வேலை பாதிதான். பல்லாண்டு மடங்கிக் கிடந்த மூட்டு இறுகிப்போயிருக்கும். அறுவைக்கு முன்பே இயன்முறை மருத்துவர், எண்ணெய் தடவி நீவி, சிறிது சிறிதாக நிமிர்த்தி, நிமிர்ந்த அளவில் மாவுக்கட்டுப் போட்டு, மீண்டும் பிரித்து நீவிப் பல வாரம் உழைக்க வேண்டும். அறுவைக்குப் பின் மூன்று வாரமளவில் கட்டுப் பிரிந்ததும் புதிய பாடம் தொடங்கும். நேற்றுவரை விரலை மடக்கிய தசை, இன்று அதை நிமிர்த்த வேண்டும்! இதை மூளைக்குக் கற்பிப்பது எளிதன்று. குழந்தையின் கையைப் பிடித்து ‘அ’ எழுதச் செய்யும் ஆசிரியையைப் போல, இயன்முறை மருத்துவர் விரலைத் தாங்கி வழிகாட்டி, உரிய நேரத்தில் தம் பிடியை விட்டுவிட வேண்டும்.

இதில் ஓர் இடர் உண்டு. மற்ற நோயாளி ‘வலிக்கிறது’ என்று தடுப்பார், இவருக்கு வலிக்காது. மிகுதியாக வளைத்து மூட்டுப் புண்பட்டாலும் அறியார். ஆகவே மருத்துவர் தம் கையால் தொட்டு, வெம்மையும் வீக்கமும் உண்டா என்று பார்க்க வேண்டும். நோயாளிக்கு இல்லாத உணர்ச்சியை மருத்துவரின் கை ஈடு செய்கிறது. இப்பணிக்கு எந்த இயந்திரமும் முழு மாற்றாகும் என்று நான் நினைக்கவில்லை.

வேலூரிலேயே பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பழுதுற்று, கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963-ல் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-ல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

1981-ல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, நுண்ணுயிரை ஒழித்துவிடும்; அரசு நலவாழ்வு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நெடுநாள் கெட்ட நரம்பு மருந்தால் மீளாது. எனவே நாள்தோறும் கையை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயம் உண்டா என்று கண்ணால் ஆராயும் பழக்கம் வாழ்நாள் முழுதும் தேவை. பக்கவாதத்திற்கும் மூட்டுவாதத்திற்கும் இத்தகைய தொடர்பயிற்சி உதவும். ஆயினும் நீவினாலே எந்நோயும் பறந்துபோகும் என்று விளம்பரம் செய்வாரை நம்ப வேண்டா.

என் மாணவனுக்கு நோய் தொடக்கத்திலேயே தெரிந்தது நல்லூழ். மருந்துண்டான், இரவில் விரல்களுக்குச் சட்டம் கட்டி உறங்கினான், பயிற்சியை விடவில்லை. பல்லாண்டு கழித்து அவனது திருமண அழைப்பிதழ் எனக்கு வந்தது. உறையின்மேல் முகவரியை அவனே எழுதியிருந்தான். எழுத்துகள் சற்றே சாய்ந்திருந்தன.