முதுகுக்கு ஒரு திண்டு: ரைடர் பேக்ரெஸ்ட்

ஹார்லி-டேவிட்சன் ரோட் கிளைட் மாதிரி டூரிங் வண்டிகளில் கால் முன்னால் நீண்டிருக்கும். அப்போ இடுப்பு பின்பக்கம் சரிந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிடும். நாள் முழுக்க ஓட்டினால் வலி வர இதுவும் ஒரு காரணம்.

பேக்ரெஸ்ட் அந்த வளைவைத் தாங்கத்தான். சாஞ்சு படுக்க இல்ல. திண்டு பெல்ட்டுக்குச் சற்று மேலே படணும். உயரம், முன்-பின் தூரம் இரண்டையும் மாற்ற முடிகிறதா, பின்னால் உட்காருபவர் ஏற வசதியாக மடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்க.

பிராக்கெட் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் வரும். வயர் எதுவும் நசுங்கக் கூடாது. மாட்டியதும், வண்டியை நிறுத்தியபடியே முதுகைத் திண்டில் வைத்து ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுசா திருப்புங்க. கை எட்டலையா? திண்டை முன்னால் நகர்த்துங்க. 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, யூ-டர்னில் சாய ஆரம்பிச்சா காலால் தாங்க முடியாது.