தவறிய வெட்டு யாருடையது?

ராயபுரம், காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கேரம் கிளப்புகளில் ஒரு காய் பாக்கெட்டின் வாயில் முட்டித் திரும்பினால், அடித்தவர் முதலில் பலகையைத் தடவிப் பார்ப்பார். கடற்காற்றின் ஈரத்தில் போரிக் பவுடர் கட்டிவிட்டதோ என்று சந்தேகப்படுவார். கடைசியில் தன் விரலிடம்தான் வந்து நிற்பார். கோணமோ வேகமோ, திருத்திக்கொள்ள ஏதோ ஒன்று அவர் கையில் இருக்கிறது. இருமுறை உலக சாம்பியனாகி 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமாவும் இப்படிச் சிறுகச் சிறுகத் திருத்தித்தான் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியும். அதே தெருவில் ஒருவர் கைப்பேசியில் முறை மாற்றி ஆடும் ரோல்-பிளேயிங் கேம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரியைத் தேர்ந்தெடுக்கிறார். அடி விழ 90 சதவீத வாய்ப்பு என்கிறது திரை. வாள் வெறுங்காற்றை வெட்டித் திரும்புகிறது. இந்தத் தவறுக்குச் சொந்தக்காரர் யார்? ஆடியவர் எதையும் பிழையாகச் செய்யவில்லை. அடுத்த முறை திருத்திக்கொள்ளவும் எதுவும் இல்லை. தோல்வியைத் தாங்குகிற மனம் இதைத் தாங்க மறுப்பதற்குக் காரணம் இந்த உடைமையின்மைதான் என்பது என் வாதம்.

இதற்கு எளிய மறுப்பு ஒன்று உண்டு: மனிதருக்கு நிகழ்தகவுக் கணக்கு வராது, அவ்வளவுதான். அதில் உண்மை இருக்கிறது. 90 சதவீத வாய்ப்புள்ள அடியைப் பத்து முறை அடித்தால், ஒரு முறையாவது தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 65 சதவீதம். ஆனால் 90 என்ற எண்ணைக் கண்டதும் மனம் அதை 'நிச்சயம்' என்று படித்துக்கொள்கிறது. 'சிவிலிசேஷன்' விளையாட்டுகளை உருவாக்கிய சிட் மெயர் 2010-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று தமக்குச் சாதகமான சண்டையில் தோற்றவர்கள் அநியாயம் என்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற பாதகமான சண்டையில் வென்றால் யாரும் முறையிடுவதில்லை. ஒரே கணக்கு, இரண்டு தீர்ப்பு. ஜப்பானின் 'ஃபயர் எம்பளம்' விளையாட்டு வரிசை இந்த மனத்துக்கு ஏற்பக் கணக்கையே வளைத்தது. 2002-இல் வந்த பாகத்தில் தொடங்கிப் பல பாகங்களில், ஓர் அடிக்கு ஒரு சமவாய்ப்பு எண் எடுப்பதற்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் 98.1, 80 என்றால் 92.2. மறுபக்கம், 10 என்று காட்டுவது வெறும் 2.1 ஆகச் சுருங்கிவிடும். பெரிய எண் மேலும் பெரிதாகி, சிறிய எண் மேலும் சிறிதாகி, ஆடுபவரின் உள்ளுணர்வோடு ஒத்துப்போகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனாலும் திரை சொல்லும் எண் பொய். எண்ணை நம்பித் திட்டமிடச் சொல்லும் விளையாட்டு அந்த எண்ணையே திரித்துக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்குத் தெரியாததுதான் எல்லாக் கோபத்துக்கும் காரணம் என்றால், தாயம் ஆடுகிற வீடுகளில் தினமும் சண்டை நடக்க வேண்டும். தாயமும் முறை மாற்றி ஆடும் போர்தான். எதிராளியின் காயை வெட்டாமல் உள்ளே போய்ப் பழம் எடுக்க முடியாது. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கம். மொத்தம் 16 சேர்க்கைகள். அப்பட்டமான குருட்டு வாய்ப்பு. ஆனாலும் ஆட்டத்தின் நடுப்பகுதியில் கட்டையின் மேல் கோபம் அதிகம் எழுவதில்லை. வரிசையைக் கவனித்தால் காரணம் புரியும். தாயத்தில் கட்டை முதலில் உருளும், முடிவெடுப்பது பிறகு வரும். மூன்று விழுந்தால், அந்த மூன்றை எந்தக் காய்க்குக் கொடுப்பது, வெட்டப் போவதா, வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் ஏறிப் பதுங்குவதா என்பது ஆடுபவரின் பொறுப்பு. வாய்ப்பு கொடுத்ததை வைத்துக்கொண்டு அவர் ஏதோ செய்கிறார். கணினிப் போரில் இந்த வரிசை தலைகீழ். யோசித்து முடிவெடுத்த பிறகு கட்டை உருண்டு, எடுத்த முடிவை அழித்துவிட்டுப் போகிறது. தாயத்திலும் எரிச்சல் மூளும் இடம் ஒன்று உண்டு: ஆட்டத் தொடக்கம். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. 16 சேர்க்கைகளில் தாயம் தருபவை இரண்டே. எட்டில் ஒரு பங்கு. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு. அந்த நேரம் முழுக்க எடுக்க ஒரு முடிவுகூட இல்லை. முடிவுக்கு இடமில்லாத அந்த ஒரு கட்டத்தில்தான் கட்டையை ஊதுவதும் உள்ளங்கையில் தேய்ப்பதும் ஆளை மாற்றி உருட்டச் சொல்வதும் நடக்கின்றன.

வாழ்க்கையே முடிவுக்குப் பின் வாய்ப்பு என்ற வரிசையில்தானே நடக்கிறது, விளையாட்டு மட்டும் ஏன் செல்லம் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். வலுவான கேள்வி, காசிமேடு துறைமுகமே அதற்குச் சாட்சி. டீசல், ஐஸ், சாமான் எல்லாம் ஏற்றிக் கடலுக்குள் போன பிறகுதான் மீன் உண்டா இல்லையா என்பது தெரியும். ஆனால் கடற்தொழில் அந்த வாய்ப்பை வெறும் தலையில் வாங்கிக்கொள்வதில்லை. செலவு போக மிஞ்சியதைப் படகுக்காரரும் ஆட்களும் பங்கு பிரிப்பதால், மோசமான ஒரு பயணத்தின் அடி ஒருவர் மேலேயே விழாது. வலையும் முழுதாக நிரம்புவது, முழுதாக வெறுமையாவது என்ற இரண்டே விடை தருவதில்லை. பாதி வலைக்கும் விலை உண்டு. கணினிப் போரின் அடியோ பட்டது அல்லது படவில்லை என்ற இரண்டோடு முடிகிறது. குறி சற்று விலகினால் அடியின் பலம் மட்டும் குறையட்டும் என்று வைத்தாலே, ஆடியவரின் யோசனைக்குக் கொஞ்சமாவது கூலி கிடைத்துவிடும்.

வாய்ப்பையே நீக்கிச் சதுரங்கம் போல ஆக்கிவிடலாம் என்பவர்களும் உண்டு. அப்போது பாட்டியும் பத்து வயதுப் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவருக்குமே வெல்ல வழியிருக்கிற ஆட்டம் போய்விடும். தாயம் ஆடியவர்கள் வேறு வழி கண்டார்கள். தாயமோ ஐந்தோ, எது விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஆடுவோர் இருக்கிறார்கள். ஐந்துக்கும் 16-இல் இரண்டு சேர்க்கை. எட்டில் ஒன்றாக இருந்த வாய்ப்பு நான்கில் ஒன்றாகிறது. பத்து முறை உருட்டியும் வெளியே நிற்க நேரும் வாய்ப்பு 26 சதவீதத்திலிருந்து ஆறுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கட்டையில் யாரும் கை வைக்கவில்லை. மாற்றிய விதியோ ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது.