செவ்வாய்க் கோளில் ஒரு சந்தை

எட்டாம் வகுப்பில் பணம் பற்றிய பாடத்தைப் பண்டமாற்று முறையில் தொடங்கி வங்கியில் முடிப்பது என் வழக்கம். மாணவர்கள் வரையறையைச் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால், "பத்து ரூபாய் நோட்டு வெறும் தாள்தானே, அதை வாங்கிக்கொண்டு கடைக்காரர் ஏன் பேனா தருகிறார்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். தினமும் கையில் புழங்கும் பொருளைப் பற்றி யோசிப்பது கடினம். எனவே சென்ற ஆண்டு, யாரும் போகாத ஓர் இடத்துக்கு மாணவர்களைக் கற்பனையில் அழைத்துச் சென்றேன்.

செவ்வாய்க் கோளில் 500 பேர் வாழும் ஒரு குடியிருப்பு. அங்கே வாரச் சந்தை கூடுகிறது. மாணவர்கள் காய்கறி விற்பவர், குழாய் பழுதுபார்ப்பவர், மருத்துவர், குடிநீர்க் காப்பாளர் எனப் பாத்திரமேற்று நடிக்க வேண்டும். செலவழிக்கப் பணம் வேண்டுமே! வண்ணத் தாளை ஒரே அளவில் வெட்டி எடுத்துப் போயிருந்தேன். சிவப்பு ஐந்து, பச்சை பத்து, நீலம் ஐம்பது.

பத்து நிமிடத்தில் ஒரு கடை நின்றுபோனது. காய்கறி விற்றவள் பார்வைக் குறைபாடு உள்ள மாணவி. "சார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இவங்க சொல்றதைத்தான் நான் நம்பணும்" என்றாள். அவளிடம் யாரோ ஐந்தைக் கொடுத்து ஐம்பது என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. ஏமாற்றியவனைக் கண்டிக்கும் முன் என்னைத்தான் கண்டித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பணத்தைச் செய்தவன் நான்.

மறுநாள் வகுப்பில் என் தவறைச் சொன்னேன். "புதிய நாணயத்தை நீங்களே வடிவமையுங்கள். செவ்வாய் வங்கியின் ஆளுநர் இவள். இவள் ஏற்றால்தான் அது செல்லும்" என்றேன். ஐந்து குழுக்களுக்கும் நான்கு கேள்விகள் கொடுத்தேன்.

கையில் பணம் எதற்கு?

"அங்கே எல்லாரும் செல்போனில்தானே சார் பணம் அனுப்புவாங்க?" என்றது ஒரு குழு. நியாயமான கேள்விதான். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேரச் சுமார் 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். பூமியில் உள்ள வங்கியைக் கேட்டுத்தான் கீரை வாங்க முடியும் என்றால் சந்தை நடக்காது. குடியிருப்புக்குள்ளேயே கணினி வைத்தாலும் மின்சாரம் வேண்டும். 2018இல் செவ்வாய் முழுவதையும் சூழ்ந்த புழுதிப் புயலில் சூரிய ஒளி மறைந்து, ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி மின்சாரமின்றி அடங்கிப்போனது. இதைச் சொன்னதும், மின்சாரம் இல்லாதபோதும் செல்லும் பணம் வேண்டும் என்று மாணவர்களே முடிவு செய்தனர்.

எப்படிச் செய்வது?

இதை ஏற்கெனவே யோசித்தவர்கள் உண்டு. 2007இல் பிரிட்டனில் டிராவலெக்ஸ் என்ற பணமாற்று நிறுவனத்துக்காக அறிவியலாளர்கள் 'க்விட்' என்ற விண்வெளி நாணயத்தை வடிவமைத்தனர். டெஃப்லான் வகைப் பாலிமரால் ஆன, கூர்மையான விளிம்பு இல்லாத வில்லைகள் அவை. எடையற்ற நிலையில் மிதக்கும் நாணயம் ஆளையோ கருவியையோ பதம் பார்க்கக் கூடாதல்லவா!

நான் என் பைக் கையுறையைக் கொண்டுபோய், அதை அணிந்துகொண்டு ஒரு ரூபாய் நாணயத்தை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னேன். பெரும்பாலோரால் முடியவில்லை. மெல்லிய வட்டம் வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. சில குழுக்கள் நடுவில் துளை வைத்தன. ஒரு குழு எடையை வைத்தே மதிப்பை அறியலாம் என்றது. அது அறிவியல் பாடத்துக்கு வழிவிட்டது. நம் 20 ரூபாய் நாணயம் 8.54 கிராம். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் சுமார் 38 விழுக்காடு. அங்கே அந்த நாணயம் கைக்கு 3 கிராம் சொச்சம்போலத்தான் இருக்கும். ஆனால் அதன் நிறை மாறாது. சுருள்வில் தராசு ஏமாறும், இருதட்டுத் தராசு ஏமாறாது.

என்னென்ன மதிப்புகள்?

ஒரு குழு 1, 7, 49 என்று வைத்தது. வாரத்துக்கு ஒரு வில்லை கூலி என்பது அவர்கள் கணக்கு. 48 கொடுத்துப் பாருங்கள் என்றேன். ஆறு ஏழும் ஆறு ஒன்றுமாகப் பன்னிரண்டு வில்லைகள் தேவைப்பட்டன. நம் 1, 2, 5, 10, 20, 50 முறையில் 20, 20, 5, 2, 1 என ஐந்தே போதும். 99 வரை எந்தத் தொகைக்கும் ஆறு வில்லைகளுக்கு மேல் தேவைப்படாது. மாணவர்கள் இதைத் தாங்களே சரிபார்த்தார்கள்.

மதிப்புக்கு ஆதாரம் எது?

ஒரு குழு தன் நாணயத்துக்கு 'மூச்சு' என்று பெயர் வைத்தது. ஒரு மூச்சு என்பது ஒருவருக்கு ஒருநாள் தேவைப்படும் ஆக்சிஜன், சுமார் 0.84 கிலோ. அழகான யோசனை என்று பாராட்ட இருந்தேன். அதற்குள் ஆளுநர் கேட்டாள்: "காசு தீர்ந்துபோனவங்க மூச்சு விட வேண்டாமா?"

அந்தப் பாடவேளை முழுவதும் விவாதத்திலேயே போனது. கடைசியில் ஒரு மாணவன், "ரேஷன் அரிசி மாதிரி வச்சுக்கலாம் சார். மூச்சுக்கு விலை கிடையாது. அதுக்கு மேல உள்ளதுக்குத்தான் காசு" என்றான். நாணயத்தின் பெயரை மாற்றினார்கள். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதும் பணத்தைப் பற்றிய பாடம்தான் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

நம் பையில் உள்ள நோட்டு

ஆளுநர் ஏற்றது, பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகளை ஒட்டிச் செய்த நாணயம். ஒன்று வட்டம், ஐந்து சதுரம், பத்து முக்கோணம். ஒவ்வொன்றிலும் கவராய முனையால் பின்புறமிருந்து குத்திய மேடான புள்ளிகள் உண்டு. சந்தை மீண்டும் நடந்தது. அவள் கடையில் அன்று யாரும் ஏமாற்ற முயலவில்லை, முயன்றிருந்தாலும் முடிந்திருக்காது.

பிறகுதான் உண்மை நோட்டுகளை எடுத்தோம். இப்போதைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் அகலம் 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150. அளவுகோலால் அளந்தார்கள். 100 ரூபாயில் மேடான முக்கோணமும் இருபுறம் நான்கு சாய்கோடுகளும், 500 ரூபாயில் வட்டமும் ஐந்து கோடுகளும் இருப்பதை விரலால் தேடினார்கள். ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தும் அவர்கள் கவனிக்காதவை அவை. "புது நோட்டுல தெரியும். கசங்கின நோட்டுல தெரியாது" என்றாள் அவள். எங்களில் யாருக்கும் தெரியாத செய்தி அது.

உங்கள் வகுப்பில்

நான்கு பாடவேளைகள் போதும். பயன்படுத்திய அட்டை, பாட்டில் மூடி, கோந்து, கவராயம், ஒரு ஜோடி கையுறை இவையே பொருள்கள். தொடக்க வகுப்புகளில் மூடிகளில் துளையிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சில்லறை எண்ணும் விளையாட்டாக நடத்தலாம். முடிவில் எந்த நாணயம் அழகு என்று கேட்காமல், இதை யாரால் பயன்படுத்த முடியாது என்று கேளுங்கள். நான் முதல் நாள் வண்ணத் தாளை வெட்டும்போதே என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி அது.